டிரிஃப்ட் காருக்கு எந்தக் கிளட்ச்? எப்படிப் பொருத்த வேண்டும்?

மூன்றாவது கியர். வளைவு நெருங்குகிறது. வலது கால் ஆக்சிலரேட்டரை விடவில்லை. இடது கால் கிளட்சைச் சட்டென்று மிதித்து, மிதித்த வேகத்திலேயே விட்டுவிடுகிறது. மிதித்த அந்தக் கணத்தில் சுமை நீங்கிய எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றிலிருந்து 6500-க்குத் தாவுகிறது. விட்டதும் அந்தக் கூடுதல் வேகம் அப்படியே பின்சக்கரங்களில் போய் விழ, டயர் பிடியை இழக்கிறது, வண்டியின் பின்பக்கம் வெளியே வீசுகிறது. பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு வளைவில் ஓட்டும் டிரிஃப்டில் இதுதான் கிளட்ச் கிக்.

டிரிஃப்ட் வளர்ந்த ஜப்பானிய மலைப்பாதைகளில் இந்த வித்தைக்கு ஒரு தேவை இருந்தது. டிரிஃப்டைப் பிரபலமாக்கிய ஜப்பானிய ஓட்டுநர் கேய்ச்சி சுச்சியாவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட டொயோட்டா ஏஇ86 காரின் 4ஏ-ஜிஇ எஞ்சின், ஜப்பான் விற்பனைக் கணக்குப்படியே 130 குதிரைத்திறன்தான். வெறும் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பின்சக்கரத்தை வழுக்க வைக்க அது போதாது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் சேர்த்து வைத்த சுழற்சியைக் கடன் வாங்கித்தான் டயரின் பிடியை உடைக்க வேண்டும். இன்று அமெரிக்காவின் டிரிஃப்ட் போட்டித் தொடரான ஃபார்முலா டிரிஃப்டின் மேல்நிலைக் கார்களில் 1000 குதிரைத்திறன் என்பது அதிசயமில்லை. இருந்தும் அவர்களும் கிளட்சை உதைக்கிறார்கள், வளைவின் நடுவில் சக்கர வேகம் விழும்போது அதைத் தூக்கிவிட. சக்தி ஏறினாலும் கிளட்சின் வேலை குறையவில்லை.

ஆகவே டிரிஃப்ட் கார் கட்டுகிற எவரும் முதல் வருடத்திலேயே கிளட்ச் கடைக்குப் போய் நிற்கிறார்கள். பெரும்பாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு டார்க் தாங்கும்?" அந்தக் கேள்வி பாதிதான் சரி. இன்னொரு பாதியையும் கேட்க வேண்டும்: உதைக்கும்போது எவ்வளவு அதிர்ச்சியை இது கியர்பாக்ஸுக்கு அனுப்பும்?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை, அதாவது டார்க், நான்கு விஷயங்களின் பெருக்கல்: உராய்வு எண், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்துப் பிடிக்கும் பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, கிளட்ச் பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. உராய்வு எண் 0.3, அழுத்தம் 8000 நியூட்டன், ஆரம் 10 சென்டிமீட்டர், ஒற்றைப் பிளேட்டுக்கு இரண்டு முகம் என்று வைத்தால் 480 நியூட்டன் மீட்டர் வரும். அதே அழுத்தத்தில் பிளேட்டை மட்டும் இரட்டையாக்கினால் முகம் நான்கு, தாங்கும் அளவு 960.

இப்போது 300 நியூட்டன் மீட்டர் தரும் ஒரு டர்போ எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நிஸ்ஸான் சில்வியா எஸ்15-இன் எஸ்ஆர்20டிஇடி கம்பெனி நிலையில் 275 தரும், லேசாகக் கைவைத்தால் இந்த 300-ஐத் தாண்டிவிடும். கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் மூடி எல்லாம் சேர்ந்த சுழல் நிலைமம் 0.15 கிலோகிராம் சதுர மீட்டர் என்போம். 6500-இலிருந்து 5000-க்கு எஞ்சினை இறக்க வேண்டும். 480 தாங்கும் கிளட்சானால், எஞ்சின் தரும் 300 போக மீதி 180-ஐ வைத்துத்தான் அது எஞ்சினைப் பிடித்து இழுக்கிறது. சக்கர வேகம் மாறாது என்று வைத்தால் சுமார் 0.13 விநாடி வழுக்கிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். 960 தாங்கும் கிளட்சானால் 0.04 விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்த 0.04 விநாடியும் கியர்பாக்ஸின் உள்ளே நுழைவது 960 நியூட்டன் மீட்டர். எஞ்சின் தருவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். கியர் பல், புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஆக்சில் எல்லாம் அந்த அடியை வாங்கியாக வேண்டும்.

அதாவது கிளட்ச்தான் அந்த வரிசையில் இருக்கும் ஃபியூஸ். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், கிளட்ச் தன் அளவுக்கு மேல் எதையும் கடத்தாது. ஃபியூஸைத் தேவையில்லாமல் பெரிதாக்கினால் அதன் பின்னால் இருக்கிறது எதுவோ அதுதான் உடையும். எஸ்15 காரின் ஆறு கியர் பெட்டி அதிக டார்க்கில் பலவீனமானது என்பது அந்தக் கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதன் முன்னால் முரட்டு ட்வின் பிளேட் (இரட்டைப் பிளேட்) கிளட்ச் ஒன்றைக் கட்டிவிட்டு மூன்றாவது கியரில் உதைத்தால், கிளட்ச் நன்றாகத்தான் இருக்கும். கியர் பல்தான் ஆயிலோடு வெளியே வரும்.

அதற்காகப் பழைய கிளட்சோடு சமாளிக்கலாம் என்றும் சொல்ல மாட்டேன். தாங்காத கிளட்ச் வேறு வழியில் சாகும். நம் கணக்கின்படி 480 அளவுக் கிளட்சில் ஒரு கிக் உண்டாக்கும் வெப்பம் 5 கிலோஜூலுக்குப் பக்கம். இதையே தேய்ந்துபோன கிளட்ச் 300 நியூட்டன் மீட்டரில், 1000 சுற்று வித்தியாசத்தில் வழுக்கிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு விநாடிக்கும் 31 கிலோஜூல். இரண்டு விநாடி அப்படி ஓடினால் ஏறக்குறைய பதின்மூன்று கிக்கின் சூடு ஒரே மூச்சில் ஏறிவிடும். கிளட்சை எரிப்பது கிக் என்று பலர் நினைக்கிறார்கள். சுத்தமாக, சட்டென்று விட்ட கிக் அவ்வளவு சூடேற்றாது. பாதி மிதித்தபடி காலை வைத்துக்கொண்டு வண்டியைச் சமாளிக்கும் ஹாஃப் கிளட்ச் பழக்கமும், தாங்காத கிளட்சும்தான் எரிக்கின்றன.

எரிந்த கிளட்சைக் கழற்றிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். என் காரில் கழற்றிய முதல் பிளேட் இன்னும் என்னிடம் இருக்கிறது. உராயும் முகம் சொரசொரப்பு போய்க் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. ஃப்ளைவீலில் நாணயம் அளவுக்கு நீலநீலமாகத் திட்டுகள், அவற்றைச் சுற்றி மயிரிழை போல வெடிப்புகள். அந்த நீலத் திட்டு இருக்கும் இடத்தில் இரும்பு கெட்டிப்பட்டு லேசாக மேடிட்டிருக்கும். புதுப் பிளேட்டை அதன் மேல் வைத்தால் அதுவும் அந்த மேட்டில்தான் முதலில் உரசி, அதே இடத்தில் மறுபடி சுடும்.

சரி, எதை வாங்குவது? எஞ்சின் டார்க்கைப் போல ஒன்றரை மடங்குக்கு அருகில் தாங்கும் கிளட்ச் என்பது என் கணக்கு. 300-க்கு 450 முதல் 480. கிக்கின் சுமையை அது சமாளிக்கும், கியர்பாக்ஸையும் காப்பாற்றும். எதிர்காலத்தில் பெரிய டர்போ போடுவேன் என்று இப்போதே இரண்டரை மடங்குக் கிளட்ச் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த நாள் வருவதற்குள் இரண்டு கியர்பாக்ஸ் போயிருக்கும்.

விளம்பரத்தில் வரும் ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 என்ற பெயர்களை நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவற்றுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஸ்டேஜ் 2 இன்னொன்றின் ஸ்டேஜ் 3 ஆக இருக்கும். டார்க் எண்ணைக் கேளுங்கள். அந்த எண் எந்த அலகில் என்பதையும் பாருங்கள்: ஒரு பவுண்ட் அடி 1.356 நியூட்டன் மீட்டர், ஒரு கிலோகிராம் மீட்டர் சுமார் 9.8. இன்னொன்று, அது ஃப்ளைவீலில் அளந்ததா, சக்கரத்தில் டைனோ (சக்தி அளக்கும் கருவி) காட்டியதா என்பது. இரண்டும் ஒன்றல்ல.

பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருள்தான் அடுத்த முடிவு. கம்பெனிக் கார்களில் வருவது ஆர்கானிக். மென்மையாகப் பிடிக்கும், நகரப் போக்குவரத்துக்குச் சுகம், ஆனால் ஒருமுறை அளவு மீறிச் சுட்டால் பழைய பிடி முழுதாகத் திரும்பாது. கெவ்லார் வகையும் மென்மைதான், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் பழக்கப்படுத்த நிறைய தூரம் ஓட வேண்டும், சுட்டால் மினுங்கிப்போகும். உதைத்து விளையாடும் டிரிஃப்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். செராமிக் துண்டுகள் வைத்த பக் பிளேட்தான் பெரும்பாலான டிரிஃப்ட் கார்களில் பார்ப்பது. சூட்டைத் தாங்கும், ஆறியதும் பிடி திரும்பி வரும், உராய்வு எண்ணும் கூடுதல். பதிலுக்கு, புறப்படும்போது வண்டி உலுக்கும், ஃப்ளைவீலையும் சீக்கிரம் தின்னும்.

மூன்று பக், நான்கு பக், ஆறு பக் என்று வரும்போது ஒரு தப்பெண்ணம் உண்டு. துண்டு குறைந்தால் பிடி கூடும் என்பார்கள். மேலே போட்ட பெருக்கலைப் பாருங்கள், அதில் பரப்பளவே இல்லை. அழுத்தமும் உராய்வு எண்ணும் ஆரமும் மாறாதவரை துண்டைக் குறைப்பதால் தாங்கும் டார்க் கூடாது. பிளேட் எடை குறைந்து கியர் சுலபமாக விழும், அது உண்மை. ஆனால் இருக்கும் கொஞ்சப் பரப்பு வேகமாகத் தேயும், பிடிப்பும் முரடாகும். பழகுகிற காருக்கு ஆறு பக், நடுவில் ஸ்பிரிங் வைத்த பிளேட் போதும் என்பது என் முடிவு. அந்தச் சுருள் ஸ்பிரிங்குகள் கிக்கின் முதல் அடியைக் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங் இல்லாத பிளேட் இலேசானதுதான், ஆனால் அடி முழுவதும் நேராகக் கியர் பல்லில் போய் இறங்கும்.

டார்க்கைக் கூட்டச் சுலபமான வழி அழுத்தமான பிரஷர் பிளேட். அதன் விலையைக் கால் கொடுக்கும். ஒரு பயிற்சி நாளில் நூற்றுக்கணக்கான தடவை மிதிக்க வேண்டிய பெடல் அது. மாலை ஆகும்போது கால் தளர்ந்து, கிக் மெதுவாகி, தானாகவே ஹாஃப் கிளட்சாக மாறிவிடும். கால் மட்டுமல்ல, எஞ்சினும் கொடுக்கும். பெடலை மிதிக்கும்போதெல்லாம், அந்த அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுசெல்லும் ரிலீஸ் பேரிங் வழியாகக் கிராங்க் ஷாஃப்டே முன்னோக்கித் தள்ளப்படுகிறது, அதைத் தாங்குவது மெல்லிய த்ரஸ்ட் பேரிங். மிட்சுபிஷியின் ஏழு போல்ட் 4ஜி63 எஞ்சின்களில் கிராங்க் நகர்ந்துபோகும் கோளாறைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட எஞ்சினில் பாறை மாதிரி பெடல் வைப்பது வினையை விலைக்கு வாங்குவது. உண்மையிலேயே 500, 600 நியூட்டன் மீட்டர் எஞ்சின் என்றால் ட்வின் பிளேட்டுக்குப் போங்கள். முகங்கள் இரட்டிப்பதால் பெடல் கனக்காமலே டார்க் தாங்கும், விட்டமும் சிறிதாக வைக்கலாம். பந்தயக் கிளட்சுகளில் 184 மில்லிமீட்டர், அதாவது ஏழேகால் அங்குலம், வழக்கமான அளவு. நியூட்ரலில் பெடலை மிதித்தால் உள்ளே பிளேட்டுகள் கலகலவென்று சத்தம் போடும். பயப்பட வேண்டாம், அதன் இயல்பு அது.

ஃப்ளைவீல் விஷயத்தில் எல்லோரும் இலேசானதையே வாங்கச் சொல்வார்கள். கொஞ்சம் நின்று யோசியுங்கள். கிக்கில் டயரை உடைப்பது ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சி ஆற்றல். எடை குறைந்தால் எஞ்சின் சீக்கிரம் மேலே ஏறும், ஆனால் ஒவ்வொரு கிக்கிலும் கொட்டும் ஆற்றலும் குறையும். டார்க் நிறைந்த டர்போ எஞ்சினுக்கு இலேசான குரோமோலி எஃகு ஃப்ளைவீல் நன்றாகப் பொருந்தும். டர்போ இல்லாத சின்ன எஞ்சினில் கம்பெனி எடையோ அதைவிடக் கொஞ்சமே குறைவாகவோ வைத்துப் பழகுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் கம்பெனியின் வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்துச் செதுக்கி எடை குறைக்க வேண்டாம். 7000 சுற்றில் அது வெடித்தால் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கையும் வண்டியின் தரையையும் கிழித்துக்கொண்டு வரும், உங்கள் கால் அங்கேதான் இருக்கிறது. பந்தயப் பாகங்களுக்கான எஸ்எஃப்ஐ 1.1 பாதுகாப்புச் சான்று என்று ஒன்று இருப்பதே இந்தப் பயத்தால்தான்.

இனிப் பொருத்தும் வேலை. வண்டியை நான்கு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, கியர் லீவர், புரொப்பல்லர் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் என்று இறக்கி, கியர்பாக்ஸை ஜாக்கியில் தாங்கிப் பின்னால் இழுப்பது வரை கை பலம்தான்.  இதற்கப்புறம்தான் கூடுதல் நிதானம் வேண்டும்.

பழைய கிளட்ச் வந்ததும் கிராங்கின் பின்பக்க ஆயில் சீலைப் பாருங்கள். லேசாக ஈரம் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். புதுப் பிளேட்டில் ஒரு சொட்டு ஆயில் பட்டால் எவ்வளவு கொடுத்து வாங்கியிருந்தாலும் வீண். கிராங்க் முனையில் உட்காரும் பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் போல்ட்டுகள் மூன்றையும் யோசிக்காமல் புதிதாகப் போடுங்கள். ஃப்ளைவீல் போல்ட்டுகளுக்கு அந்த எஞ்சினின் மேனுவல் சொல்லும் டார்க்கை டார்க் ரென்ச்சில் வைத்து, எதிரெதிராக மூன்று கட்டமாக இறுக்க வேண்டும். புது ஃப்ளைவீலிலும் பிரஷர் பிளேட் முகத்திலும் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவித்தான் பெட்டியில் வரும். பிரேக் கிளீனர் அடித்து, வெள்ளைத் துணியில் கறை வராதவரை துடைக்க வேண்டும். அதன் பிறகு உராயும் முகத்தில் விரல் படக் கூடாது.

பிளேட்டைப் பொருத்துவதற்கு முன், வெறும் பிளேட்டைக் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் ஸ்பிளைனில் (நீளவாக்குப் பற்களில்) மாட்டி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். வேறு காரின் கியர்பாக்ஸ் மாற்றிப் போட்ட வண்டிகளில் ஸ்பிளைன் எண்ணிக்கை வேறாக இருப்பதை, எல்லாம் இறுக்கிய பிறகு கண்டுபிடித்தவர்கள் உண்டு. ஸ்பிளைனில் சூடு தாங்கும் கிரீஸைப் படலமாகத் தடவி, பிளேட்டை ஒருமுறை ஓட்டி, ஓரத்தில் ஒதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். கூடுதல் கிரீஸ் சுழற்சியில் சிதறி நேராக உராய்வு முகத்துக்குத்தான் போகும்.

அப்புறம் பிளேட்டின் திசை. எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பிளேட்டிலேயே எழுதியிருக்கும். திருப்பிப் போட்டால் நடுக்கூடு ஃப்ளைவீல் போல்ட்டில் இடிக்கும், கிளட்ச் விடவே விடாது. எனக்கு முன்னால் என் காரில் கைவைத்த ஒருவர் அப்படிப் போட்டிருந்தார். என்ன மிதித்தாலும் ரிவர்ஸ் கியர் கர்ரென்று அரைத்தது, ஹைட்ராலிக்கில் காற்று இருக்கிறது என்று இரண்டு நாள் பிளீட் செய்துகொண்டிருந்தேன். கியர்பாக்ஸை மறுபடி இறக்கியபோதுதான் போல்ட் தலைகள் நடுக்கூட்டில் போட்டிருந்த வளையத் தழும்பைப் பார்த்தேன். இப்போது மூடுவதற்கு முன் இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைக்காமல் கியர்பாக்ஸை ஏற்றுவதில்லை.

சென்டர் செய்யும் கருவியைச் செருகி, பிரஷர் பிளேட்டை டவல் பின்னில் (இடம் பிடிக்கும் முளைகளில்) உட்கார வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் அரைச் சுற்றாக இறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் மூடி நெளிந்துபோகும், பிறகு கிளட்ச் என்றைக்கும் சுத்தமாக விடாது. கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை ஒரு விநாடிகூடப் பிளேட்டின் நடுக்கூட்டில் தொங்கக் கூடாது. கடைசி ஒரு சென்டிமீட்டர் போகவில்லை என்றால் பெல் ஹவுசிங் போல்ட்டால் இழுக்காதீர்கள். ஏதோ நேராக இல்லை என்று அர்த்தம். ஜாக்கியின் கோணத்தைச் சரிசெய்து, புரொப்பல்லர் முனையைக் கையால் லேசாகத் திருப்பினால் தானாக உள்ளே போகும்.

கிளட்சும் ஃப்ளைவீலும் கியர்பாக்ஸும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவை என்றால் ரிலீஸ் பேரிங்கின் உயரத்தை அளந்தே தீர வேண்டும். நிஸ்ஸான் பெட்டிகளுக்குப் பேரிங் உட்காரும் ஸ்லீவே பல நீளங்களில் வருகிறது. குட்டையாக இருந்தால் கிளட்ச் முழுதாக விடாது. நெட்டையாக இருந்தால் பேரிங் எப்போதும் பிரஷர் பிளேட்டின் நடுவில் இருக்கும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்தியபடியே இருந்து, புதுக் கிளட்சே வழுக்கும். மஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி போன்ற கார்களில் பேரிங் தள்ளாமல் இழுக்கும் வகை, அதை மாட்டும் முறையே வேறு.

ஹைட்ராலிக் பக்கத்தில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பிஎம்டபிள்யூ இ46-இல் கம்பெனியே ஒரு டிலே வால்வை வைத்திருக்கிறது. நீங்கள் எவ்வளவு வேகமாகக் காலை எடுத்தாலும் அது கிளட்சை மெதுவாகத்தான் பிடிக்க விடும். சாலையில் நல்லதுதான். டிரிஃப்டில் ஒவ்வொரு கிக்கும் ஹாஃப் கிளட்ச் ஆகிவிடும். அதை எடுத்துவிட்டு, ரப்பர் குழாய்க்குப் பதில் எஃகு வலை பின்னிய குழாய் போட்டால் கால் விடுவது அப்படியே கிளட்சுக்குப் போய்ச் சேரும். பெடலுக்கு அடியில் ஒரு ஸ்டாப் இருக்கட்டும். உதைக்கும் வேகத்தில் தேவைக்கு மேல் மிதித்துத்தான் டயாஃப்ரம் விரல்கள் வளைந்துபோகின்றன.

புதுக் கிளட்சை அன்றைக்கே உதைக்க வேண்டாம். ஆர்கானிக் என்றால் 500 முதல் 800 கிலோமீட்டர் வரை, நின்று கிளம்பும் ஓட்டமாக ஓட்டுங்கள். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓட்டிய தூரம் இதில் சேராது, அங்கே கிளட்ச் உரசுவதே இல்லை. செராமிக்குக்கு இவ்வளவு வேண்டாம். ஆனாலும் உராயும் இரண்டு முகங்கள் ஒன்றோடொன்று படிய, மென்மையாகப் பல தடவை கிளம்பி நிறுத்தி, இடையில் ஆறவிட வேண்டும்.

முதல் டிரிஃப்ட் நாள் முடிந்து வண்டி ஆறியதும் பானெட்டைத் திறந்து கிளட்ச் எண்ணெய் டப்பாவில் அன்றைய அளவுக்கு மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பிளேட் தேயத் தேய, தள்ளும் வகைக் கிளட்சில் டயாஃப்ரம் விரல்கள் கியர்பாக்ஸ் பக்கம் நகர்ந்து, ஸ்லேவ் பிஸ்டனை உள்ளே தள்ளி, எண்ணெயைத் திருப்பி அனுப்பும். டப்பாவில் அளவு மெல்ல ஏறினால் பிளேட் தேய்கிறது, இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. ஒவ்வொரு பயிற்சி நாளுக்குப் பிறகும் அந்தக் கோட்டைப் பார்க்க அரை நிமிடம் போதும், கியர்பாக்ஸை இறக்கத் தேவையில்லை.